முருங்கை பூத்திருக்கிறதா?



போன மாதக் கடைசியில் தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். கையில் சணல் கயிறு சுற்றிய பழைய செருப்புப் பெட்டி. "வீட்டை இடிச்சுக் கட்டப்போறோம் சார். அப்பாவோட பரண் சாமான். பழைய பேப்பர்காரனுக்குப் போட மனசு வரலை" என்று சொல்லி மேசையில் வைத்தார். காபி குடித்தார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

பெட்டி நிறையக் கார்டுகள். அன்று மத்தியானம் எங்கள் அலுவலகத்தில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. மெய்ப்புப் பார்ப்பவர், ஓவியர், கணக்கு எழுதுபவர், டீ கொண்டுவரும் தம்பி என்று எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அடுத்தவர் கைக்கு மாற்றிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வாசகரின் அப்பா சரக்குக் கப்பலில் ஸ்டோர் கணக்குப் பார்த்தவராம். 1950-களில் இங்கிலாந்துத் துறைமுகங்களில் இறங்கும்போதெல்லாம் கடற்கரைக் கடைகளில் விற்ற வேடிக்கைக் கார்டுகளை வாங்கிச் சேர்த்திருக்கிறார். பெரிய பெரிய உடம்பும் சிவந்த மூக்குமாக, பளிச்சென்ற நிறத்தில் கேலிச்சித்திரங்கள். நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒன்றின் பின்பக்கத்திலும் எழுத்து இல்லை. வாங்கியிருக்கிறார், ஒன்றைக்கூட ஊருக்கு அனுப்பவில்லை. எப்படி அனுப்புவார்? அந்தப் படங்களை முதலில் போஸ்ட்மேன் பார்த்திருப்பார். அடுத்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். அப்புறம் எதிர்வீட்டுக்காரர். யாருக்காக வாங்கினாரோ அந்த அம்மாளின் கைக்குப் போவதற்குள் தெருவே சிரித்து முடித்திருக்கும்.

அங்கேதான் எனக்கு இந்தப் பக்கத்துக்கான விஷயம் கிடைத்தது. கார்டு என்பது மூடாத கடிதம். எழுதுகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் எத்தனை கை மாறுகிறதோ அத்தனை பேரும் படிக்கலாம். எல்லோரும் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தே எழுதும்போது மனிதருக்கு இரண்டு வழிதான் இருக்கிறது. "நலம், நலமறிய ஆவல்" என்று ஒன்றும் சொல்லாமல் முடித்துக்கொள்ளலாம். அல்லது சொல்ல வேண்டியதைச் சிரிப்புக்குள் பொதிந்து அனுப்பலாம். பழைய கார்டுகளில் இத்தனை நகைச்சுவை குவிந்திருப்பதற்கு அந்த மூடாத தன்மையே காரணம் என்று எனக்குப் படுகிறது.

கார்டு பிறந்ததே சிக்கனத்துக்காகத்தான். ஆஸ்திரியாவில் ராணுவப் பள்ளி ஒன்றில் பொருளாதாரம் கற்பித்த எமானுவேல் ஹெர்மான், 1869 ஜனவரியில் வியன்னா நாளிதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். நாலு வரிச் செய்திக்கு ஒரு தாள், ஓர் உறை, முன்னும் பின்னும் மரியாதை வாசகங்கள், முழுத் தபால் கட்டணம், இத்தனையும் எதற்கு என்பது அவர் கேள்வி. அதே ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ஆஸ்திரிய-ஹங்கேரி அஞ்சல் துறை முதல் கார்டை வெளியிட்டது. மூன்றே மாதத்தில் ஏறக்குறைய 30 லட்சம் விற்றன. சரியாக ஓராண்டு கழித்து பிரிட்டனில் அரை பென்னிக்கு வந்தது. 1879 ஜூலை 1 அன்று இந்தியாவுக்குக் கால் அணாவில் வந்து சேர்ந்தது. அன்றைக்குக் கடிதத்துக்கு அரை அணா. பாதி விலையில் சேதி போகிறது என்றால் யார் விடுவார்கள்?

"வேலைக்காரர்கள் படித்துவிடுவார்களே" என்று இங்கிலாந்தின் பெரிய வீடுகளில் முதலில் முகம் சுளித்தார்கள். பயந்தபடியே எல்லோரும் படித்தார்கள், ஆனாலும் கார்டு நிற்கவில்லை. 1894-இல் தனியார் அச்சிட்ட படக் கார்டுகளையும் தபாலில் அனுப்பலாம் என்று பிரிட்டன் அனுமதித்தது. ஆனால் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கே ஒதுக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. செய்தியைப் படத்தின் ஓரத்தில், வானத்தில், கடல் அலையின் மேல் என்று இடம் கண்ட இடத்தில் நுணுக்கி எழுதினார்கள். 1902-இல்தான் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் செய்திக்கு, வலப்பக்கம் முகவரிக்கு என்று வைத்தார்கள். அதன்பின் வெள்ளம்தான். 1909-10 வாக்கில் பிரிட்டனில் ஆண்டுக்கு 80 கோடிக்கு மேல் கார்டுகள் போய்வந்தன. நகரங்களில் நாளைக்குப் பல தடவை டெலிவரி உண்டு. காலையில் "சாயங்கால ரயிலில் வருகிறேன்" என்று போட்டால், ஆள் போவதற்கு முன் கார்டு போய்ச் சேர்ந்திருக்கும். விடுதியின் படம் போட்ட கார்டில் ஒரு ஜன்னல்மேல் பேனாவால் பெருக்கல் குறி போட்டு "இதுதான் எங்கள் அறை" என்று அனுப்புவது பெரிய வழக்கமாக இருந்தது. அந்தக் குறியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடும்பத்தோடு ஏதோ பழக்கம் இருந்தது போலிருக்கிறது.

காதலர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தபால் தலையைச் சாய்த்து ஒட்டினால் ஓர் அர்த்தம், தலைகீழாக ஒட்டினால் வேறோர் அர்த்தம். எந்தச் சாய்வுக்கு என்ன பொருள் என்று விளக்கும் கார்டுகளையே கடையில் விற்றார்கள் என்பதால், அப்பாக்களுக்கும் அந்த ரகசியம் தெரிந்தே இருந்திருக்கும்.

வேடிக்கைக் கார்டுகளின் கதை கடற்கரையோடு பிணைந்தது. 1871-இல் பிரிட்டனில் வங்கி விடுமுறைச் சட்டம் வந்தது. லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் ஆண்டுக்கு ஒரு வாரம் ஆலைகளை மொத்தமாக மூடுவார்கள், ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரையில் இறங்கும். ஐம்பத்தொரு வாரம் தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்கு ஒரு வாரம் கடல் காற்று. அந்த ஒரு வாரத்திலும் தங்குவிடுதி வீட்டுக்காரியின் அதிகாரத்துக்குத் தப்ப முடியாது. ரொட்டித் துண்டை எண்ணிப் போடுவாள், மழை பெய்தாலும் பகலில் வெளியே அனுப்பிவிடுவாள். அவளோடு சண்டை போட்டால் அடுத்த வருஷம் அறை கிடைக்காது. அதற்குத்தான் கார்டு இருந்தது. இடுப்பில் கைவைத்து முறைக்கிற விடுதிக்காரியின் கேலிச்சித்திரத்தை வாங்கி, "இங்கே எல்லாம் சௌக்கியம்" என்று மட்டும் எழுதிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினால் போதும். படம் மீதியைச் சொல்லிவிடும்.

இந்தக் கார்டுகளின் மன்னர் டொனால்ட் மெக்கில். 1875-இல் லண்டனில் பிறந்தவர். பள்ளி நாளில் ரக்பி ஆடியபோது பட்ட அடியில் ஒரு பாதத்தையே இழந்தவர். கப்பல் வரைபடங்கள் வரைவது அவர் தொழில். 1904-இல் மருத்துவமனையில் கிடந்த உறவுக்காரச் சிறுவனுக்கு ஆறுதலாக ஒரு படம் வரைந்து அனுப்பினார். உறைந்த குளத்தில் கழுத்துவரை மாட்டிக்கொண்ட ஒரு மனிதன், கீழே "சீக்கிரம் வெளியே வந்துவிடுவாய்" என்ற பொருளில் ஒரு வாழ்த்து. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பது என்னவென்று சிறுவயதில் அறிந்த மனிதர் அப்படி ஒரு படத்தை வரைந்தார் என்பதை நினைக்கும்போது, அந்தப் படம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. அங்கே தொடங்கி ஏறக்குறைய 12,000 கார்டுகள் வரைந்தார். விற்றவை 20 கோடி இருக்கும் என்பது கணக்கு. ஒரே ஒரு கார்டு மட்டும் 60 லட்சம் பிரதி போனது. மரத்தடியில் கையில் புத்தகத்தோடு ஓர் இளைஞன், அருகே ஒரு பெண். "உனக்குக் கிப்ளிங் பிடிக்குமா?" என்கிறான் அவன். எழுத்தாளர் பெயர் அவளுக்குத் தெரியாது. 'கிப்ளிங்' என்றால் ஏதோ செய்கிற காரியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதை இதுவரை தான் செய்ததே இல்லையே என்று வெட்கப்படுகிறாள். எங்கள் ஓவியர் இதைப் புரிந்துகொண்டு சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது.

1941-இல் ஜார்ஜ் ஆர்வெல் இந்தக் கார்டுகளைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மெக்கில் என்று நிஜமாகவே ஓர் ஆள் இருக்கிறாரா, அல்லது அது வணிகப் பெயரா என்று அப்போது அவருக்கே சந்தேகம். ஆனால் கார்டுகளைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். தேனிலவுக்கும் நடுவயதுக்கும் இடையில் இந்தக் கார்டு உலகத்தில் ஆட்களே இல்லை என்பது அவர் கண்டது. கல்யாணம் ஆன மறுநாளே புருஷன் சுருங்கி ஒல்லியாகிவிடுகிறான், மனைவி பருத்து ஓங்கிவிடுகிறாள். கல்யாணம் உறுதியான ஒன்று என்று எல்லோரும் நம்புகிற சமூகத்தில்தான் அதை இப்படிக் கேலி செய்ய முடியும் என்றார். பெட்டியைப் புரட்டியபோது அவர் சொன்னது முழுக்க உண்மை என்று தோன்றியது. எனக்கு எல்லாக் கார்டும் பிடித்துவிடவில்லை. மனைவியின் உடம்பை வைத்தே சிரிக்கவைக்கும் கார்டுகள் ஐந்தாறு பார்ப்பதற்குள் அலுத்துவிட்டன. நம் பத்திரிகைகளிலும் மாமியார் ஜோக்கு என்று பக்கம் பக்கமாக வந்தது நினைவுக்கு வந்தது. நானே அப்படிப் பல ஜோக்குகளைத் தேர்ந்தெடுத்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சட்டம் இந்தச் சிரிப்பை வெகுநாள் விட்டுவைக்கவில்லை. பிளாக்பூல் போன்ற ஊர்களில் கார்டுகளைத் தணிக்கை செய்ய உள்ளூர்க் குழுவே இருந்தது. 1954 ஜூலையில் லிங்கன் நகர நீதிமன்றத்தில் 79 வயது மெக்கில் ஆபாசக் கார்டு வரைந்த குற்றத்துக்காக நின்றார். 1857-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டார். 50 பவுண்டு அபராதம், செலவுக்கு 25 பவுண்டு. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வரைந்தவர் அவர். கோடிக்கணக்கில் விற்ற கார்டுகளில் அவருக்கு விற்பனைப் பங்கு இல்லை. 1957-இல் அந்தச் சட்டத்தைத் திருத்த ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1959-இல் புதிய சட்டம் வந்தது. 1962-இல் காலமானார். பின்னாளில் அவர் பெயரில் வைட் தீவில் ஓர் அருங்காட்சியகமே வந்தது. தண்டித்த கார்டுகளை அங்கே கண்ணாடிப் பேழைக்குள் மாட்டி வைத்தார்கள்.

செருப்புப் பெட்டியின் அடியில் வேறு வகைக் கார்டுகள் ஒரு கட்டு இருந்தன. பழைய மூர் மார்க்கெட்டில் அந்தக் கப்பல்காரர் வாங்கியவை என்று கட்டின்மேல் எழுதியிருந்தது. 1985-இல் தீப்பிடித்து எரிந்துபோன அந்த மார்க்கெட்டிலிருந்து தப்பி வந்த தாள்கள் என்பதே அவற்றைத் தொடும்போது கையைக் கூசவைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கடைகள் அச்சிட்டு விற்ற படக் கார்டுகள். மவுண்ட் ரோடு, கடற்கரை, கோயில் கோபுரம் ஒரு பக்கம். மற்றொரு பக்கம் வண்ணான், ஆயா, நாவிதர், பால்காரர், ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்க்கும் பெண்கள். துரை வீட்டில் இல்லாத நேரத்தில் வேலையாட்கள் துரையின் நாற்காலியில் சாய்ந்து, துரையின் பத்திரிகையைப் பிரித்து, துரையின் பாட்டிலைத் திறந்து குடிப்பதுபோல ஸ்டூடியோவில் உட்காரவைத்து எடுத்த படங்களும் உண்டு. இவற்றை வாங்கி லண்டனுக்கு அனுப்பி அங்கே சிரித்தார்கள்.

எங்கள் மேசையில் இந்தப் படங்களுக்கு யாரும் சிரிக்கவில்லை. மெக்கிலின் கார்டில் விடுதிக்காரியைப் பார்த்துச் சிரித்த நெசவுத் தொழிலாளி, பக்கத்துக் கார்டில் தன்னைப் பார்த்தும் சிரித்துக்கொண்டான். சென்னைக் கார்டில் நிற்கிற அந்த ஆயாவுக்குத் தன் படம் எந்த ஊர் வரவேற்பறையில் கை மாறுகிறது என்பது தெரிந்திருக்காது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருக்கும் அந்த வேலைக்காரரின் முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உதட்டோரத்தில் ஒரு சின்னச் சுழிப்பு. நடிக்கச் சொன்னதை நடித்தார், ஆனால் அந்த ஐந்து நிமிஷ நாற்காலியை அவர் உண்மையாகவே அனுபவித்திருக்கிறார். படம் எடுத்தவரும் வாங்கியவரும் சிரித்த சிரிப்பு வேறு, அவர் சிரித்தது வேறு.

அதே கட்டில் ஒரே ஒரு முதல் உலகப் போர்க் கார்டு. போர்முனைச் சிப்பாய்களுக்கு பிரிட்டிஷ் ராணுவம் கொடுத்தது. "நலமாக இருக்கிறேன்", "மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்" என்பதுபோல வரிகளை முன்கூட்டியே அச்சிட்டிருப்பார்கள். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போடலாம். வேறு ஒரு சொல் சேர்த்து எழுதினாலும் கார்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். பார்த்ததிலேயே மிகத் துயரமான கார்டு அதுதான். அதில் சிரிக்க இடமே விட்டுவைக்கவில்லை.

நம் கார்டுக்கு வருகிறேன். மேலே பிள்ளையார் சுழி. "இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்." அப்புறம் "நிற்க". அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் விஷயம் தொடங்கும். இடம் தீர்ந்ததும் வரிகள் ஓரத்தில் ஏறி, முகவரிப் பக்கத்தில் எட்டிப்பார்த்து, "மற்றவை நேரில்" என்று முடியும். தந்திக்குக் காசில்லாதவர்கள் "இதைத் தந்தி போல் பாவித்து உடனே புறப்பட்டு வரவும்" என்று எழுதுவார்கள். நல்ல சேதிக்கு நாலு மூலையிலும் மஞ்சள். சாவுச் சேதியைப் படித்த கையோடு கிழித்துப் போட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. மற்றதெல்லாம் கூடத்துச் சுவரில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்தப்பட்டுவிடும். யார் வேண்டுமானாலும் கம்பியைக் கழற்றி மூன்று வருஷச் சேதியையும் படிக்கலாம். எழுத்தாளர்களுக்கும் கார்டு ஓர் ஆயுதமாக இருந்தது. வல்லிக்கண்ணனும் தி.க.சி.யும் சிறுபத்திரிகையில் முதல் கதை எழுதிய பையனைக்கூடத் தேடிப்பிடித்து ஒரு கார்டு போட்டுவிடுவார்கள். அந்தக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிய எழுத்தாளர்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கம்பி இருக்கும். சிரிக்கவைத்த கார்டு ஏதாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், முகவரியை மறைத்துவிடுங்கள். அசலை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வரும் இதழ்களில் மாதம் ஒரு பக்கம் அவற்றுக்கென்று ஒதுக்கப்போகிறோம். முதலாவதாக என் வீட்டுக் கார்டைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெரிய அத்தையை 1961-இல் ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து கோவில்பட்டிக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமத்தில் கட்டிக்கொடுத்தார்கள். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த பெண் குடத்துக்கு மைல் கணக்கில் நடக்கிற ஊருக்குப் போனாள். புகுந்த வீட்டில் எந்தக் கார்டு வந்தாலும், எந்தக் கார்டு போனாலும், பள்ளிக்கூடம் போகிற கொழுந்தன் திண்ணையில் உட்கார்ந்து மாமியாருக்கு உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. இதை முன்பே விசாரித்து வைத்திருந்த தாத்தா, மகளை வண்டியேற்றும்போது காதில் சொல்லி அனுப்பினாராம்: "மனசு கேக்கலைன்னா முருங்கையைக் கேளு தாயி."

அத்தையின் கார்டுகளில் எல்லோரும் நலம். மழை இல்லை. பருத்தி பரவாயில்லை. கடைசி வரியில் சில சமயம்: "கொல்லையில் முருங்கை பூத்திருக்கிறதா?" அவ்வளவுதான். தாத்தா அன்றைக்கே பதில் கார்டு போடுவார்: "முருங்கை பூத்திருக்கிறது. அமாவாசை கழித்துப் பறித்துக்கொண்டு வருகிறேன்." காய்க்காத மாதமாக இருந்தால் சந்தையில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டாவது போய் நிற்பார். இரண்டு நாள் இருந்து, மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வருவார். "உங்க வீட்டு முருங்கை மட்டும் வருசம் பூரா பூக்குதே அய்யா" என்று எங்கள் ஊர் போஸ்ட்மேன் கேட்பாராம். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். இருந்தது என்றாள்.

மூன்றாம் வருஷம் ஒரு கார்டு வந்தது. பள்ளிக்கூடத்துப் பையனின் உருண்டை எழுத்து, ஆனால் சொன்னது மாமியார். கம்பி குத்திய ஓட்டையோடு அது இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அப்படியே தருகிறேன்:

"சம்பந்தி அவர்களுக்கு. இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் நலமறிய ஆவல். நிற்க. உங்கள் மகள் அடிக்கடி முருங்கையை விசாரிக்கிறாள். போன ஆடியில் எங்கள் கிணற்றடியிலும் ஒரு போத்து நட்டுவைத்தேன். துளிர் விட்டிருக்கிறது. அது பூக்கிற வரைக்கும் பிள்ளை உங்கள் வீட்டு மரத்தைப் பார்த்துவிட்டு வரட்டும், ஒரு மாதம் இருக்கட்டும். இதைத் தந்தி போல் பாவித்துப் புறப்பட்டு வந்து அழைத்துப் போகவும். முருங்கைக்காய் வாங்கி வர வேண்டாம். மற்றவை நேரில்."